எண்ணாமல் விட்ட தலை

இந்தச் சாக்கில் பாதிக்கு மேல் உரித்துவிட்டேன் அக்கா, இன்னும் இவ்வளவுதான் பாக்கி. நீங்கள் கையை வைக்காதீர்கள். பச்சைப் பட்டாணி உரிப்பது பார்க்க லேசாகத் தெரியும், கொஞ்ச நேரத்தில் நகக்கண் வலிக்க ஆரம்பித்துவிடும். பயணம் வந்தவர்கள் நீங்கள். சமையல் மாஸ்டர் பார்த்தால் என்னைத்தான் வைவார். அந்த நாற்காலியை வெயிலில் இழுத்துப் போட்டு உட்காருங்கள். முட்டிக்குள் குளிர் போய் உட்கார்ந்துகொள்ளும் ஊர் இது. நல்லெண்ணெய் இருக்கிறது, சூடுபண்ணித் தரட்டுமா? வேண்டாமா? சரி.

பாதிக் கோட்டையிலேயே இறங்கி வந்துவிட்டீர்களே. படி ஏற முடியவில்லையா? ஆட்டோ பிடித்துத் தனியாகவா வந்தீர்கள்? தைரியம்தான். மற்றவர்கள் எல்லாம் மேலேதான் இருக்கிறார்கள், இல்லையா? சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் அக்கா. கேட்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். எனக்கு எடுத்ததும் கேட்க வராது. திருநெல்வேலியில் பஸ் ஏறினதிலிருந்து உங்களில் யாரோடும் நான் வாய் திறந்து பேசவில்லை, கவனித்தீர்களா? "ரசம் ஊத்தவா", "அப்பளம் வைக்கவா", அவ்வளவுதான். காசியில் எல்லோரும் ஆளுக்கொரு காயை விட்டுவிட்டு வந்தீர்களே, அன்றைக்கு மாஸ்டர் என்னைக் கேலி செய்தார். "நீ அந்தக் கூச்சத்த கங்கையில விட்டுட்டு வாட்டி, புண்ணியமாப் போகும்" என்று. நீங்கள் எதை விட்டீர்கள்? பாகற்காயா? எல்லோரும் பாகற்காயைத்தான் விட்டிருக்கிறார்கள். இனிமேல் பாகற்காய் வாங்குகிற வேலை மிச்சம் என்று மாஸ்டர் சொல்லிச் சிரித்தார்.

நான் எதையும் விடவில்லை. விடுகிறதற்கு வந்தவள் இல்லை நான். தேடுகிறதற்கு வந்தவள்.

என் வீட்டுக்காரரை இந்த ஊரில்தான் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதே சத்திரத்தில். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே பட்டாணிக் காலம்.

அப்படிப் பார்க்காதீர்கள் அக்கா. நான் அழ மாட்டேன். அழுகிற கட்டம் எல்லாம் தாண்டிவிட்டது. விவரமாகச் சொல்கிறேன், அப்போதுதான் நான் கேட்கப்போகிறது உங்களுக்குப் புரியும்.

அவர் நயினார் மாஸ்டருக்குக் கையாளாக இருந்தார். யமுனா அப்பா. யமுனா எங்கள் மகள். இவர் டெல்லிப் பக்கம் போயிருந்தபோது பிறந்தாள், அதனால் அந்தப் பெயர். கல்யாணத்துக்கு முந்தியிருந்தே இந்தப் பஸ்ஸில்தான் அவருக்கு வேலை. மார்கழி, தை வந்தால் வடக்கே கிளம்பிவிடுவார். காசி, கயா, அயோத்தி, டெல்லி, ஆக்ரா, ஹரித்துவார், அமிர்தசரஸ், இந்த ராஜஸ்தான், எல்லாம் போய்த் திரும்பி வருவார். எங்கள் தெருவில் அவர் அளவுக்கு ஊர் சுற்றினவர் கிடையாது.

ஆனால் எதையும் பார்த்தது கிடையாது. இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நீங்கள் பார்க்கிற நேரம்தான் எங்களுக்குச் சமைக்கிற நேரம். நீங்கள் திரும்பும்போது சோறு வடித்திருக்க வேண்டும். நீங்கள் சாப்பிட்டு எழுந்தால் பாத்திரத்தைக் கழுவி டிக்கியில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்தால் பஸ் கிளம்பிவிடும். நானே இந்தப் பயணத்தில் தாஜ்மகாலின் பின்னால் ஏதோ ஒரு தெருவில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கினேன். வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். காயப்போட்ட வேட்டிதான் தெரிந்தது.

ஊரில் யாராவது அவரிடம் ஆக்ரா எப்படி என்று கேட்டால், "உருளைக்கிழங்கு சல்லிசு" என்பார். காசி? "தண்ணி நல்ல தண்ணி, சோறு சீக்கிரம் குழைஞ்சிரும், பாத்து வடிக்கணும்." அமிர்தசரஸ்? "பால் அம்புட்டுக் கெட்டி. பாயசத்துக்கு முந்திரியே வேண்டாம்." ஹரித்துவாரில் அரிசி களைந்தால் விரல் நம்முடைய விரலாக இருக்காதாம். ராஜஸ்தான் என்றால் தலையில் அடித்துக்கொள்வார். உப்புத் தண்ணீர், பருப்பு வேகவே வேகாது என்பார். பருப்பு வேகிறதை வைத்துத்தான் இந்தத் தேசம் முழுவதையும் அவர் சொல்வார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள்.

ஒரு தடவை பயணத்தில் வந்த ஒருத்தர் தாஜ்மகாலுக்கு முன்னால் நின்றுகொண்டு மாஸ்டருக்குப் போன் போட்டாராம். "இன்னைக்கு வத்தக்குழம்பா, மோர்க்குழம்பா?" என்று கேட்க. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் இவர். சிரித்துவிட்டு, "அந்த ஆள் முன்னால தாஜ்மகால் நிக்கி, அவன் வத்தல நினைக்கான். என் முன்னால வத்தல் கிடக்கு, நான்…" என்று சொல்ல வந்ததை நிறுத்திக்கொள்வார்.

ஆனால் மகளிடம் மட்டும் வேறு மாதிரி. அவள் சாப்பிட அடம்பிடிப்பாள். தட்டில் சோற்றைக் குவித்துக் கோட்டை கட்டுவார். சுற்றிலும் ரசத்தை ஊற்றி இது அகழி என்பார். கறிவேப்பிலை யானை. அப்பளத்தை உடைத்து வாசல் கதவு. ராஜா இந்த வழியாக வந்தார், எதிரி அந்தப் பக்கம் ஏறினான், ராணி மாடத்திலிருந்து பார்த்தாள் என்று சொல்லிக்கொண்டே ஊட்டுவார். அவள் கோட்டையைத் தின்றுவிட்டு அடுத்த கோட்டை கட்டு என்பாள். நானும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். இவ்வளவையும் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டால், "எங்க பாத்தேன்? சோறு போடும்போது அவுக பேசிக்கிடுதது காதில விழும்லா" என்பார். அவருக்கு அப்படி ஒரு காது.

ஊருக்கு வந்தால் நாலு நாள் நன்றாக இருப்பார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிடுவார். பேச மாட்டார், பேசினால் காதில் விழாது. "என்ன யோசனை?" என்றால், "ஒண்ணுமில்ல, அடுத்த டிரிப் எப்பம்னு பாக்கேன்" என்பார். உழைப்பாளி அக்கா. சும்மா இருக்கத் தெரியாது அவருக்கு. குடி கிடையாது, ஒரு நாளும் என் மேல் கை ஓங்கினது கிடையாது. மதினி சொல்லுவாள், "உன் வீட்டுக்காரரு வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்காரு" என்று. விருந்தாளி மாதிரி மரியாதையானவர், அதைத்தான் அவள் சொன்னாள்.

அன்றைக்கு நடந்ததை மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்தச் சத்திரத்தில், இதே குழாயடியில், விடிவதற்கு முன்னாலேயே எழுந்து அத்தனை காயையும் நறுக்கி வைத்துவிட்டாராம். தேங்காய் துருவி, புளி கரைத்து, இலை வரைக்கும் துடைத்து வைத்துவிட்டு, "வேலை முடிஞ்சிட்டு அண்ணாச்சி. ஒரு எட்டு மேல போயிட்டு வாரேன்" என்றாராம். "இத்தன வருசமா இல்லாம இன்னைக்கு என்னலே கோட்ட?" என்று மாஸ்டர் கேட்டதற்குச் சிரித்தாராம். குளித்து, சவரம் செய்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இதைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். பையை எதற்கு எடுத்துக்கொண்டு போனான் என்று. ஏன் அக்கா, வந்து போகிறவர்கள் நூறு பேர் நடமாடுகிற சத்திரத்தில் பையை வைத்துவிட்டுப் போக முடியுமா? கோட்டை பார்க்கப் போகிறவர் நல்ல சட்டை போடாமல் கரி படிந்த சட்டையோடா போவார்?

பஸ் கிளம்பும்போது மேனேஜர் தலையை எண்ணுவார், பார்த்திருப்பீர்கள். சீட் சீட்டாக விரலை நீட்டிக்கொண்டு வருவார். அது உங்கள் தலை. எங்கள் தலையை எண்ணுகிற வழக்கம் கிடையாது. நாங்கள் பாத்திரத்தை எண்ணுவோம். அண்டா, தவலை, கரண்டி, சட்டுவம், வடிதட்டு. அன்றைக்கும் மாஸ்டர் எண்ணியிருக்கிறார். எல்லாம் சரி. மேனேஜர் எண்ணியிருக்கிறார். எல்லாம் சரி. பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். இவர் எப்போதும் கடைசி சீட்டுக்குப் பின்னால் அரிசி மூட்டைமேல் படுத்துத் தூங்குகிற ஆள், அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலம் அடுத்த ஊரில் இறங்கி, அடுப்பைப் பற்றவைக்க மாஸ்டர் கூப்பிட்டபோதுதான் ஆள் இல்லை.

மாஸ்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து சொன்னார். "எல்லாம் சரியா இருந்துச்சு தாயி. அதான் கெளம்பிட்டோம்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு கரண்டி குறைந்திருந்தால் பஸ் நின்றிருக்கும் அக்கா.

போன் போட்டுப் பார்த்தார்கள். அணைந்து கிடந்தது. திரும்பிப் போய்த் தேட முடியாது, மேற்கொண்டு எல்லா ஊரிலும் ரூம் போட்டாகிவிட்டது. அதுவும் நியாயம்தான், ஒரு கையாளுக்காக ஒரு பஸ் சனத்தைத் திருப்ப முடியுமா? போலீசில் சொன்னார்கள். எல்லாம் இந்தியில் நடந்தது, என்ன சொன்னார்கள் என்ன கேட்டார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

"ஊருக்கு வர வழியா தெரியாது அவனுக்கு?" என்று என் அண்ணன் கேட்கிறான். வழி தெரியும். ஆனால் மேனேஜர் மைக்கில் சொல்வாரே, நீங்கள் தினமும் கேட்கிறீர்கள்: "யாராவது தொலைஞ்சா அங்க இங்க அலையாதீங்க, தொலைஞ்ச இடத்திலேயே நில்லுங்க, நாங்க தேடி வருவோம்." இவர் அதை வருஷக்கணக்காகக் கேட்டவர். சொன்ன பேச்சைத் தட்டத் தெரியாதவர். போன் நம்பர்? என் நம்பரை "வீடு" என்று போட்டு வைத்திருந்தார். போன் போனால் நம்பரும் போச்சு. என் நம்பர் எனக்கே மனப்பாடம் கிடையாது.

இரண்டு வருஷமாகவா நிற்பார் என்று கேட்கிறீர்கள். இதே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வேகாத பருப்புக்கு முன்னால் முணுமுணுக்காமல் நிற்கிற மனுஷன் அக்கா அவர். அவர் பொறுமை எனக்குத்தான் தெரியும்.

சும்மா நம்பிக்கையில் மட்டும் நான் வரவில்லை. சேதி வந்தது. மாஸ்டர் சம்சாரம் பூரணத்தக்காதான் சொன்னாள், தண்ணீர் லாரிக்கு நிற்கும்போது. போன வருஷம் பயணம் வந்தவர்கள் பந்தியில் பேசிக்கொண்டார்களாம். இந்த ஊர்க் கோட்டையில் ஒரு ஆள் தமிழில் பேசி எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினான், நம் பக்கத்துப் பேச்சு, பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி சொன்னான் என்று. கோட்டை வாசல் சுவரில் வரிசையாகக் கைகள் இருக்கிறதாமே? ராஜா செத்தால் ராணிமார் தீக்குள் போவார்களாம். வாசலைத் தாண்டும்போது வைத்துவிட்டுப் போன கைகளாம். நீங்கள் பார்த்தீர்களா? அந்த இடத்தில் அவன், பயணம் வந்த அம்மா ஒருத்தருடைய பேத்தியைத் தூக்கி, அந்தச் சின்னக் கையைச் சுவரில் இருந்த ஒரு கைமேல் வைத்துப் பார்த்தானாம். "எம்புள்ள கையும் இம்புட்டுத்தான் இருக்கும்" என்றானாம்.

நீங்களே சொல்லுங்கள். வேறு யாராக இருக்க முடியும்?

நான் மாஸ்டரிடம் ஓடினேன். அவர் முதலில் பூரணத்தக்காவைத்தான் ஏசினார். "ஒனக்கு எதுக்குட்டி ஊர்ச்சோலி?" என்று. பிறகு என்னிடம், "நானும் கேள்விப்பட்டு ஒரு எட்டு மேல ஏறிப் போயிப் பாத்தேன் தாயி. அது வேற ஆளு. மதுரக்காரன். நீ மனசப் போட்டு அலட்டாத" என்றார். மாஸ்டருக்குக் கண் மங்கல், அக்கா. உளுந்தையும் பாசிப்பயறையும் என்னிடம் காட்டிக் கேட்கிற ஆள். மேலே ஏறின மூச்சு வாங்கலில் யாரைப் பார்த்தாரோ.

நல்ல மனுஷன்தான், குறை சொல்லக் கூடாது. போன வருஷப் பயணம் முடிந்து வந்தபோது யமுனாவுக்குக் கண்ணாடி பதித்த பாவாடை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். இந்த ஊர்ப் பாவாடை. வளர்கிற பிள்ளை என்று ஒரு சாண் மடித்துத் தைத்து, பிரித்துவிடுகிற மாதிரி. எனக்கு அரக்கு வளையல். மாஸ்டருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. என் கையை அவர் நிமிர்ந்து பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் வளையல் கடைக்காரன் அளந்து போட்ட மாதிரி அப்படியே ஏறிவிட்டது. எல்லாம் கையளவு பழகின ஆள். உப்புக்கே கரண்டி வைத்துக்கொள்ள மாட்டாரே. அப்படித்தான் இருக்கும். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் கொடுத்தார். பெண்பிள்ளைகளிடம் அவ்வளவு ஒதுக்கம்.

இந்த வருஷம் காய் நறுக்குகிற அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. நான் வருகிறேன் என்று போய் நின்றேன். மாஸ்டர் வேண்டாம் என்றார். பூரணத்தக்காதான் அவரை ஏசி ஏற்றிவிட்டாள். "கூட்டிட்டுப் போங்க. அவ கண்ணால பாத்துட்டு வரட்டும். அப்பத்தான் அடங்கும்" என்றாள். எனக்காக எவ்வளவு பேசுகிறாள் பாருங்கள்.

இந்தத் தடவை நான் வந்தே ஆகவேண்டும் அக்கா. தை அமாவாசை வருகிறதில்லையா? மாமியார் முடிவு செய்துவிட்டார்கள். ஜோசியரும் சொல்லிவிட்டாராம், ஆள் இல்லை என்று. "எள்ளும் தண்ணியும் விட்டுட்டா அவனும் கரையேறிருவான், நாமளும் கரையேறிரலாம்" என்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் ஐயரிடமும் சொல்லியாகிவிட்டது. மகனுக்குச் செய்கிற காரியம், அவர்களுக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் உயிரோடு நிற்கிற மனுஷனுக்கு எள்ளுத் தண்ணீர் விடலாமா? அதற்கப்புறம் என் கழுத்தில் இது இருக்கலாமா? "பஸ் திரும்பி வருத வரைக்கும் பொறுக்கேன். வெறுங்கையோட வந்தா, நான் சொன்னதுக்கு நீ நிக்கணும்" என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். மகளை மதினியிடம் விட்டிருக்கிறேன். நான் கிளம்பும்போது அவள் அழவில்லை. "அப்பா கோட்ட மேல இருப்பாங்க. கீழ இருந்தே தேடாத" என்று எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினாள்.

கீழே இருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்து. நிமிர்ந்தால் அதோ, பாறையும் சுவரும் ஒன்றாக நிற்கிறது. எது மலை எது கோட்டை என்று தெரியவில்லை. மேலே போகிறவர்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள். ஒவ்வொரு எறும்பாகப் பார்க்கிறேன். நடக்கிற நடையில் தெரிந்துவிடும் என்று நினைத்தேன், தெரியவில்லை.

நானும் மேலே போகிறேன் என்று மாஸ்டரிடம் கேட்டேன். இந்தப் பயணத்தில் நான் வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான். கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, "பட்டாணி முழுக்க உரிச்சு முடி. முடிஞ்சா போ" என்றார். எப்போதும் ஒரு பையளவு வாங்குகிறவர் இன்றைக்குப் பார்த்து ஒரு சாக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சல்லிசாகக் கிடைத்ததாம். என் கெட்ட நேரம்.

அதனால்தான் அக்கா உங்களை இங்கே பிடித்து உட்கார வைத்தேன். நீங்கள் மேலே போய்விட்டு வந்தவர்கள். கேட்கிறேன். தப்பாக நினைக்காதீர்கள்.

மேலே தமிழ் பேசுகிற ஆள் யாராவது இருந்தாரா?

என்ன அக்கா? இருந்தாரா?

முதல் வாசலிலேயேவா? நீங்கள் எல்லோரும் பேசினீர்களா அவரோடு? நெட்டையாக, கொஞ்சம் கூன் போட்ட மாதிரி, வலது முன்கையில் எண்ணெய் பட்ட தழும்பு, நாலணா அகலத்துக்கு? முழுக்கைச் சட்டையா. சரி, சட்டை மறைத்திருக்கும். பேச்சு? நம் பேச்சா? அக்கா, மெதுவாகச் சொல்லுங்கள்.

உங்களை எல்லாம் நிற்கவைத்து ராஜா கதை சொன்னார். சரி. சிரிக்கவைத்தார். சரி. அப்புறம் எந்த ஊர் பஸ் என்று கேட்டார். அவர் கேட்டாரா? அவராகவே கேட்டாரா? நீங்கள் திருநெல்வேலி என்று சொன்னதும்? சமையல் யார், நயினார் மாஸ்டரா என்று கேட்டாரா! மாஸ்டர் பெயரையே சொன்னாரா!

மதுரைக்காரனுக்கு நயினார் மாஸ்டரை எப்படித் தெரியும், அக்கா? நீங்கள் சொல்லுங்கள்.

அதற்கு யார் பதில் சொன்னது? உங்களோடு வருகிற அந்தக் கண்ணாடி போட்ட சாரா? "ஆமா, மாஸ்டரும் வந்திருக்காரு, கூடச் சொர்ணம்னு ஒரு புள்ள வந்திருக்கு, வாயே திறக்காது" என்றாரா? என் பெயர் அவருக்குத் தெரியுமா? ஓ, மாஸ்டர் கூப்பிடுவதைக் கேட்டிருப்பார். நல்லவேளை அக்கா. அவர் நன்றாக இருக்கட்டும். இன்றைக்கு அவருக்கு ஒரு கரண்டி நெய் கூட ஊற்றுகிறேன். என் பெயரைக் கேட்டதும் யமுனா அப்பா என்ன சொன்னார்?



பாதிக் கதையில் நிறுத்திவிட்டாரா. பக்கத்தில் நின்ற இந்திக்காரப் பையனிடம் உங்களை ஒப்படைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று விறுவிறுவென்று போய்விட்டாரா. காசுகூட வாங்காமல்?

அக்கா! அப்படியென்றால் இறங்கிவிட்டார். என் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இறங்கிவிட்டார். இங்கேதான் வந்துகொண்டிருக்கிறார். சத்திரம் அவருக்குத் தெரியாத சத்திரமா! ஏன் அக்கா தலையை ஆட்டுகிறீர்கள்? நீங்கள் வந்த வழியில் இறங்கவில்லையா? பின்பக்கத்துப் பாதையா? அந்தப் பக்கம் ஊருக்கு வெளியே போகிற வழி என்று ஆட்டோக்காரன் சொன்னானா? ஆட்டோக்காரனுக்கு என்ன தெரியும். அது சுற்று வழியாக இருக்கும். முதலில் அவர் தங்கியிருக்கிற இடத்துக்குப் போயிருப்பார். சட்டை மாற்றவேண்டாமா, முகம் கழுவ வேண்டாமா? இரண்டு வருஷம் கழித்து வருகிற மனுஷன் அப்படியே ஓடிவருவாரா? ஏதாவது வாங்கிக்கொண்டு வருவார், பாருங்கள். கொஞ்சம் நேரம் ஆகும். நீங்கள் இறங்கி எவ்வளவு நேரம் இருக்கும்? அதுதான், சரியாக இருக்கும். இப்போது வந்துவிடுவார்.

நான் மேலே போகவே வேண்டாம். நான் அந்தப் பக்கம் போய் அவர் இந்தப் பக்கம் வந்தால் என்னாவது? தொலைந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அதுதான் சரி. ஏன் அக்கா என் கையைப் பிடிக்கிறீர்கள்? உங்கள் கண் ஏன் இப்படி இருக்கிறது? முட்டி வலிக்கிறதா? இருங்கள், எண்ணெய் கொண்டுவருகிறேன்.

"ஏ சொர்ணம்! எங்கட்டி பட்டாணி? எண்ணெ காஞ்சு போச்சு!"

வந்துட்டேன் அண்ணாச்சி!

மாஸ்டரிடம் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் அக்கா. அவர் வந்து நிற்கட்டும், மாஸ்டர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும். நீங்கள் இந்த நாற்காலியை மட்டும் வாசலுக்கு நேராகப் போட்டு உட்காருங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். ஆள் உள்ளே நுழையக் கூச்சப்படுவார். அவரும் என்னை மாதிரிதான். இங்கே வாருங்கள் தம்பி, சொர்ணம் அடுப்படியில்தான் இருக்கிறாள், ஒரு நிமிஷத்தில் வந்துவிடுவாள் என்று சொல்லிப் பிடித்து உட்கார வையுங்கள். மாமியார் விஷயம், அமாவாசை விஷயம் எதுவும் பேச வேண்டாம், மனசு கஷ்டப்படும். மகளைப் பற்றிக் கேட்பார். கண்டிப்பாகக் கேட்பார். நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நான் சொல்லிக்கொள்கிறேன். அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது, முன்பல் இரண்டும் விழுந்தது, அதெல்லாம் நான்தான் சொல்ல வேண்டும், இவ்வளவு நாளாக அவருக்கென்று சேர்த்து வைத்திருக்கிறேன், போன வாரம்கூட அவள் என்ன செய்தாள் தெரியுமா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாம் வரிசையாக உட்கார வைத்து, தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு, கடைசியில் ஒரு இடத்தைக் காலியாக விட்டு, அந்த இடத்துக்கு மட்டும்…

"சொர்ணம்!"